நோவுக்கு முகங்கொடுத்த மேரி அஸ்ரெல் அம்மையார்

எமது சங்கத்தின் நூற்றாண்டு மலரில் யாருடைய வாழ்க்கையை எழுதுவது என்று மலர்க் குழு கூடிப் பேசியபோது, வழமையான பெயர்களே முதலில் வந்தன. புளோரன்ஸ் நைற்றிங்கேல், ஹெலன் கெலர், வேலூர் ஐடா ஸ்கடர். இவர்களைப் பற்றியெல்லாம் படிக்கிற காலத்திலேயே பேச்சுப் போட்டிகளுக்குப் பாடமாக்கி ஒப்புவித்தவர்கள்தான் நாம். அப்போது, அதுவரை பேசாமல் இருந்த ஓர் அக்கா, மேரி அஸ்ரெல் என்ற பெயரைச் சொன்னார். சென்ற ஆண்டு மார்பகப் புற்றுநோய்க்காக மகரகம ஆஸ்பத்திரியில் பெரிய சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் அவர். மார்பில் கட்டி ஒன்று கையில் தட்டுப்பட்டதை ஆறு மாதம் வரை கணவருக்கும் சொல்லாமல், பிள்ளைகளுக்கும் சொல்லாமல் வைத்திருந்தார் என்பது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது. சிகிச்சை முடிந்து வீட்டில் இருந்த மாதங்களில் அஸ்ரெல் அம்மையாரைப் பற்றி வாசித்தாராம். ஆங்கிலேயப் பெண்கல்வி வரலாற்றில் பெயர் பெற்றவர், நமக்குத்தான் புதியவர். பெண்களுக்கென ஒரு கல்லூரி வேண்டும் என்று 1694இலேயே அச்சில் கேட்டவர் என்றதும், நூறு வருடப் பழைய மாணவிகள் சங்கம் ஒன்றின் மலருக்கு அவரை விடப் பொருத்தமானவர் இல்லை என்று ஏகமனதாக முடிவாயிற்று. அந்த அக்கா அவரைச் சொன்னதற்குக் காரணம் வேறு. அதற்குப் பிறகு வருவோம்.

மேரி அஸ்ரெல் 1666ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் திகதி இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள நியூகாசில் நகரில் பிறந்தார். நிலக்கரி வியாபாரத்தால் வாழ்ந்த ஊர் அது. தகப்பனார் பீற்றர் அஸ்ரெலும் அந்த வியாபாரிகளின் சங்கத்தில் உத்தியோகம் பார்த்தவரே. மேரிக்குப் பன்னிரண்டு வயதாயிருக்கும்போது அவர் இறந்தார். ஒரே தம்பி; இருந்த சொற்பப் பணமும் அவன் படிப்புக்கென ஒதுக்கப்பட்டது. இந்தக் கதை நமக்குப் புதியதல்ல. நம் பாட்டிமார் காலத்துக் குடும்பங்களிலும் இப்படித்தான். மேரி பாடசாலை வாசலை மிதித்ததில்லை. ஆயினும் சித்தப்பா முறையான றால்ஃப் அஸ்ரெல் என்ற குருவானவர் அவருக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்தார். கேம்பிறிட்ஜில் படித்தவர், குடிப்பழக்கத்தால் திருச்சபை அவரைப் பணியிலிருந்து இடைநிறுத்தியிருந்தது. அந்த மனிதரின் தோல்வி ஒரு சிறுமிக்கு வாய்ப்பாயிற்று என்று சொல்லலாமா தெரியவில்லை. ஆனால் அவர் வேலையோடு இருந்திருந்தால் வீட்டில் இருந்து பெண்பிள்ளைக்குத் தத்துவம் சொல்லிக் கொடுக்க நேரம் இருந்திராது. அவரும் 1679இல் போய்விட்டார். 1684இல் தாயாரும் போனார்.

இருபத்தொரு, இருபத்திரண்டு வயதளவில் மேரி தனியே இலண்டனுக்குப் புறப்பட்டார். சீதனமுமில்லை, உறவினர் ஆதரவுமில்லை. உடுத்த உடுப்புகளையும் ஈடு வைக்கும் நிலை வந்தது. கடைசியில் கன்ரபரி அதிமேற்றிராணியாராயிருந்த வில்லியம் சான்குறொவ்ற்றுக்குக் கடிதம் எழுதினார். வெட்கப்பட்டுக்கொண்டு எழுதிய கடிதம்தான்; ஆனாலும் எழுதினார். அவர் பணம் கொடுத்ததோடு, அறிமுகங்களும் செய்து வைத்தார். நன்றிக்கடனாக மேரி தாம் எழுதிய பக்திப் பாடல்களை 1689இல் அவருக்குக் காணிக்கையாக்கினார். பின்னர் தேம்ஸ் நதிக்கரையில் இருந்த செல்சி என்ற ஊரில் குடியேறினார். அப்போது அது இலண்டனுக்கு வெளியே தோட்டங்களும் மாளிகைகளுமாய் இருந்த இடம். சாகும்வரை அந்த ஊரே அவருக்கு ஊர். கதறின் ஜோன்ஸ் சீமாட்டி, எலிசபெத் ஹேஸ்ரிங்ஸ் சீமாட்டி ஆகியோர் அங்கே அவருக்குக் கிடைத்த நட்புகள். திருமணம் செய்துகொள்ளவில்லை.

இனி அந்த அக்கா சொன்ன காரணத்துக்கு வருவோம்.

1693ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம், இருபத்தாறு வயதான மேரி, ஜோன் நொறிஸ் என்ற குருவானவருக்கு ஒரு கடிதம் எழுதினார். நொறிஸ் அக்காலத்தில் பேர்பெற்ற தத்துவ ஆசிரியர். மேரியோ யாரும் அறியாத பெண். நமக்கு உண்டாகும் இன்பங்கள் அனைத்துக்கும் கடவுள் ஒருவரே காரணர், ஆகையால் அவர் ஒருவரே முழு அன்புக்கும் உரியவர் என்பது நொறிஸின் போதனை. மேரி கேட்டது இதுதான்: இன்பத்தைத் தருபவர் கடவுள் என்றால் நோவைத் தருபவரும் அவராகத்தானே இருக்கவேண்டும்? இன்பம் தருவதற்காக அவரை நேசிக்கவேண்டும் என்றால், நோவு தருவதற்காக என்ன செய்வது?

ஆஸ்பத்திரி வாட்டில் படுத்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு இராத்திரி இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள். வாயால் கேட்காவிட்டாலும் மனத்தால் கேட்டிருப்பார்கள். சைவப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் ஒன்றாயிருந்து படித்த நம் வகுப்பறைகளில், இதற்கு வினை என்று ஒரு பக்கமும் சித்தம் என்று ஒரு பக்கமும் விடை சொல்லிப் பழகியிருக்கிறோம். மேரி அஸ்ரெல் அப்படி ஒரு சொல்லோடு அமைதி கொள்ளவில்லை. கேட்டதோடு, தாமே ஒரு வழியும் காட்டினார். நோவும் நமக்கு நன்மை செய்யக்கூடியது. ஆகவே கடவுளை நேசிப்பதற்குக் காரணம் அவர் நமக்குச் சுகம் தருகிறார் என்பதல்ல, நன்மை செய்கிறார் என்பதே என்று வாதித்தார். நொறிஸ் திகைத்துப் போனார் என்றே சொல்லவேண்டும். இன்பத்தைக் கடவுள் அதன் பொருட்டே விரும்புகிறார், நோவை வேறொரு நன்மையின் பொருட்டே அனுமதிக்கிறார் என்பது அவர் மறுமொழியின் சாரம். ஒரு வருடமளவில் கடிதங்கள் போய் வந்தன. 1695இல் நொறிஸ் அவற்றைப் புத்தகமாக்கினார். தம் பெயர் வெளிவரக்கூடாது என்பது மேரியின் நிபந்தனை. கடைசிக் கடிதத்தில் அவர் நொறிஸின் அடிப்படை வாதத்தின் ஒரு பகுதியையே ஐயுறத் தொடங்கினார் என்பதையும் சொல்லவேண்டும். பெரியவர் சொன்னார் என்பதற்காக ஒத்துக்கொள்ளும் சுபாவம் அவருக்கு இருக்கவில்லை.

நோவைப் பற்றி இப்படி யோசித்த காலத்தில் அவர் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார் என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். நோய் வந்தது கிட்டத்தட்ட நாற்பது வருடம் கழித்து.

இடைப்பட்ட வாழ்க்கையைச் சுருக்கமாகவே சொல்கிறோம். 1694இல் பெண்களுக்கு ஒரு முக்கியமான யோசனை என்ற கருத்துள்ள தலைப்பில் அவர் ஒரு நூல் வெளியிட்டார். 1697இல் அதன் இரண்டாம் பாகம் வந்தது. பெண்கள் ஒன்றாக வாழ்ந்து, படித்து, ஜெபித்து, விரும்பினால் அங்கிருந்து வெளியேறி மணம் முடிக்கவும் கூடிய ஒரு கல்விநிலையம் வேண்டும் என்று கேட்டார். கடவுள் பெண்ணுக்கும் பகுத்தறிவைக் கொடுத்திருக்கையில் அதைப் பயன்படுத்தாமல் விடுவது கொடுத்தவரை அவமதிப்பதாகும் என்பது அவர் வாதம். ஒரு பெரிய இடத்துப் பெண்மணி அதற்குப் பத்தாயிரம் பவுண் தர முன்வந்தார் என்றும், கன்னியர் மடம் போலிருக்கும் என்று சொல்லி பேர்னற் மேற்றிராணியார் அதைத் தடுத்துவிட்டார் என்றும் சொல்லப்படுகிறது. அக்கல்லூரி எழும்பவேயில்லை. நம் நாட்டில் உடுவிலில் ஹரியற் வின்சிலோ அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை நடத்தத் தொடங்கியது 1824இல். அதாவது அஸ்ரெல் அம்மையார் கேட்டு 130 வருடங்களின் பின். யாழ்ப்பாணத்தில் நமக்குப் பாடசாலைகள் அமைத்த அமெரிக்க மிஷனாரிமாரும் மெதடிஸ்த மிஷனாரிமாரும் அஸ்ரெல் அம்மையாரின் கண்ணுக்குச் சபையைப் பிரிந்துபோன ஆட்களாகவே தெரிந்திருப்பார்கள். அந்த விடயத்தில் அவர் மிகக் கடும்போக்குக்காரர். பிரிந்தவர்களைச் சாடி 1704இல் எழுதிய துண்டுப்பிரசுரங்களை இன்று வாசித்தால் நமக்குச் சங்கடமாயிருக்கும். திருமணத்தைப் பற்றி 1700இல் அவர் எழுதிய நூலோ இன்றும் கூர் மழுங்காமல் இருக்கிறது.

கல்லூரி கிடைக்காததால் 1709இல் சிறியதொன்றைச் செய்தார். செல்சியில் முதிய போர்வீரர்களைப் பராமரிக்கும் அரச மருத்துவமனை ஒன்று உண்டு. அதன் உதவிப்பணத்தில் வாழ்ந்த ஏழைச் சிப்பாய்களின் பெண்பிள்ளைகளுக்கு ஒரு தர்மப் பாடசாலை. பாடத்திட்டம் அவருடையது, பணம் அவருடைய சிநேகிதிகளுடையது, நிர்வாகிகள் எல்லோரும் பெண்கள். எஸ்.பி.சி.கே. என்று நம் ஆலயங்களில் பலரும் அறிந்த கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கத்தின் ஆதரவும் இருந்தது. தமிழர் இச்சங்கத்துக்கு வேறொரு வகையிலும் கடமைப்பட்டவர்கள். அதே ஆண்டுகளில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயருக்கு அச்சு இயந்திரம் வாங்கி அனுப்பியதும் அச்சங்கமே. அந்த மிஷனின் அச்சில்தான் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முற்றுப்பெற்றது. செல்சியில் சிப்பாயின் மகள் எழுத்துக்கூட்டியதும் தரங்கம்பாடியில் தமிழ் எழுத்து அச்சேறியதும் ஒரே சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் வந்த காரியங்கள்.

அம்மையாரின் தினசரி வாழ்க்கை மிகவும் எளியது. பாணின் ஓரத் துண்டும் தண்ணீருமே பல நாட்களில் சாப்பாடு. திருச்சபை விதித்த உபவாசங்களைத் தவறவிடமாட்டார். தமக்குப் பிடித்த பிரசங்கியார் ஒருவரைக் கேட்பதற்காக, கடும் மாரியிலும் ஞாயிறு தோறும் செல்சியிலிருந்து இலண்டன் சென் மாட்டின் ஆலயம் வரை நடந்தே போவார். படிப்பு நேரத்தில் வம்பளக்க வருகிறவர்களைச் சன்னலால் கண்டால், தாமே தலையை நீட்டி, அஸ்ரெல் அம்மா வீட்டில் இல்லை என்று பகிடியாகச் சொல்லி அனுப்பிவிடுவார். இந்த ஒரு கதையே அவரை நமக்கு நெருக்கமாக்கியது. நம் அதிபர்மாரில் ஒருவரையாவது இது நினைவூட்டாமல் இராது.

2021இல் கேம்பிறிட்ஜ் மாக்டலின் கல்லூரி நூலகத்தில் அவருடைய சொந்தப் புத்தகங்கள் 47 அடையாளம் காணப்பட்டன. தேக்காட் என்ற பிரெஞ்சுத் தத்துவஞானியின் நூலும் அவற்றில் ஒன்று; ஓரங்களில் அம்மையாரின் கைக் குறிப்புகள். அந்தக் கல்லூரி மாணவிகளைச் சேர்க்கத் தொடங்கியது 1988இல்தான்.

புற்றுநோய் அவருக்கு எப்போது கண்டது என்று எவருக்கும் தெரியாது. காரணம், அவர் சொல்லவில்லை. கட்டி மார்பில் வளர்ந்து முற்றும்வரை மறைத்து வைத்திருந்தார். 1726 அளவிலிருந்து கதறின் ஜோன்ஸ் சீமாட்டியின் வீட்டில் அவரும் கூட இருந்தார்; ஒரே வீட்டில் இருந்தவருக்கும் சொன்னதாக இல்லை. இனி மறைக்க முடியாது என்ற கட்டத்தில், ஜோன்சன் என்ற ஒருவரிடம் போனார். அவர் குருவானவர், சத்திரசிகிச்சையில் கைதேர்ந்தவர் என்றும் பெயர் எடுத்தவர். குருத்துவமும் வைத்தியமும் ஒருவரிடம் சேர்ந்திருப்பது அக்காலத்தில் அரிதல்ல. இயன்றவரை இரகசியமாக மார்பை அகற்றிவிடும்படி அவரை வருந்திக் கேட்டுக்கொண்டார். சத்திரசிகிச்சைக்கு இன்றியமையாத உதவியாட்களைக் கூட அறைக்குள் விடுவதற்கு அவர் இலேசில் சம்மதிக்கவில்லை.

அந்தச் சத்திரசிகிச்சை எப்படிப்பட்டது என்பதை நம் இளைய சகோதரிகளுக்காகச் சொல்லவேண்டியிருக்கிறது. இன்று தியேட்டருக்குக் கொண்டு போகுமுன் மயக்க மருந்து வைத்தியர் வந்து பெயர் கேட்கிறார். கையில் ஊசி ஏற்றுகிறார். கண் விழிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கிறது. ஈதர் என்ற மயக்க மருந்தைக் கொடுத்து நோவில்லாமல் சத்திரசிகிச்சை செய்யலாம் என்று அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் பலரறியக் காட்டியது 1846இல். காயம் அழுகாதபடி கிருமிகளைத் தடுக்கும் முறையை லிஸ்ரர் வெளியிட்டது 1867இல். அஸ்ரெல் அம்மையாரின் காலத்தில் இரண்டும் இல்லை. நோயாளி விழித்தபடி இருப்பார். கைகால்களைப் பலசாலிகள் பிடித்துக்கொள்வார்கள். கத்தி வேகமாகப் போகவேண்டும். குடிப்பதற்குக் கொஞ்சம் மதுவோ அபினி கலந்த மருந்தோ கிடைக்கலாம். இரத்தம் நிற்காமல் போவதும், பிழைத்தாலும் சில நாட்களில் காயம் பழுதடைந்து காய்ச்சல் வருவதும் சாதாரணம். அம்மையார் இறந்து எண்பது வருடங்களின் பின், 1811இல், பனி பேர்னி என்ற ஆங்கில நாவலாசிரியைக்குப் பரிசில் இதே சத்திரசிகிச்சை நடந்தது. நெப்போலியனின் படைவைத்தியர் லாறியே செய்தார். பேர்னி பிற்பாடு அதைத் தம் சகோதரிக்கு எழுதிவைத்தார். அதை முழுதாக வாசித்து முடிக்க நம் குழுவில் இருவரால் முடியவில்லை.

அஸ்ரெல் அம்மையார் தமக்கு நடந்ததைப் பற்றி ஒரு வரியும் விட்டுப் போகவில்லை. நாம் அறிவது எல்லாம் ஜோர்ஜ் பலாட் என்பவர் 1752இல் வெளியிட்ட நூலினால்தான். அந்த பலாட் பெண்களுக்கு உடுப்புத் தைத்துப் பிழைத்த தையற்காரர். தாமாகவே பழைய ஆங்கிலம் படித்து, கல்வியிற் சிறந்த பெண்களின் வரலாறுகளை ஊர் ஊராக விசாரித்துச் சேர்த்தவர். இத்தகைய ஒருவரால்தான் அஸ்ரெல் அம்மையாரின் பெயர் மறையாமல் இருந்தது. அவர் அறிந்தபடி, அம்மையார் பயத்தை வெளிக்காட்டாமல் அறைக்குள் போனார். கைகளைப் பிடிக்க வந்தவர்களை வேண்டாம் என்று தடுத்தார். ஆரம்பம் முதல் முடிவு வரை திமிறவில்லை, முனகவில்லை, பெருமூச்சுக்கூட விடவில்லை.

இதை அப்படியே நம்பலாமா என்று குழுவில் ஒரு விவாதம் நடந்தது. பக்திமான்களின் துன்பங்களையும் மரணங்களையும் அழகுபடுத்தி எழுதுவது அக்காலத்து வழக்கம். நம் பழைய மிஷன் பத்திரிகைகளிலும் அப்படித்தான். பலாட் அந்த அறையில் இருந்தவரும் அல்ல. எழுதியதும் இருபது வருடம் கழித்து. ஆனால் அம்மையாரை நேரே அறிந்தவர்களிடம் அவர் விசாரித்திருக்கிறார். அம்மையாரின் மற்ற வாழ்க்கையோடு வைத்துப் பார்க்கும்போதும் அது பொருந்தாமல் இல்லை. மனத்தை அடக்குவது எப்படி, உணர்ச்சிகளுக்கு ஆளாகாமல் அவற்றை ஆள்வது எப்படி என்று 1697இலேயே ஓர் அதிகாரம் முழுவதும் எழுதியவர் அவர். உடம்பு வேறு, எண்ணுகிற ஆன்மா வேறு என்பதைத் தேக்காட்டிடம் படித்து, தம் விசுவாசத்தோடு சேர்த்து 1705இல் ஒரு பெருநூலாகவும் எழுதினார். கைகளைப் பிடிக்கவிடாமல் தடுத்ததை நாம் வெறும் வீரமாகக் காணவில்லை. தம் கையைத் தாமே அசையாமல் வைத்திருக்கமுடியும் என்பதை அவர் நாற்பது வருடமாகப் பழகிவந்தார். உபவாச நாட்களும், மாரியில் நடந்த மைல்களும், அந்தக் கடிதங்களும் அந்தப் பழக்கத்தில் சேரும். நோவு எங்கிருந்து வருகிறது, அதற்குள்ளும் நன்மை செய்யும் கை இருக்கிறதா என்று இருபத்தாறு வயதில் கடதாசியில் கேட்டவர், அறுபத்துநாலு வயதில் அதே கேள்வியோடு கதிரையில் இருந்தார். தாம் எழுதிய விடையை அன்று அவர் நம்பினாரா என்றால், நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தால் நம்பினார் என்றே நமக்குப் படுகிறது.

ஆனால் ஒரு விடயத்தில் அவரோடு ஒத்துப்போக எங்களால் முடியாது. அவர் மறைத்தது தவறு. அக்காலத்தில் முந்தியே சொல்லியிருந்தாலும் வைத்தியம் பெரிதாக என்ன செய்திருக்கும் என்பது நியாயமான கேள்விதான். என்றாலும் கட்டி சிறிதாயிருக்கையில் வெட்டுவதும் சிறிதாக இருந்திருக்கும் அல்லவா? அதைவிட, அத்தனை சிநேகிதிகளை வைத்துக்கொண்டு, மாதக்கணக்காகவோ வருடக்கணக்காகவோ அவர் தனியே சுமந்தார். பணமில்லாத இளம் வயதில் முன்பின் தெரியாத அதிமேற்றிராணியாரிடம் உதவி கேட்கத் தெரிந்தவருக்கு, முதுமையில் கூட இருந்த சிநேகிதியிடம் வாய் திறக்க முடியவில்லை. அது விசுவாசத்தினால் வந்த மௌனம் என்று சொல்ல நாம் தயங்குகிறோம். மார்பு என்றபடியால் வந்த கூச்சமாக இருக்கலாம். எவருக்கும் பாரமாகக் கூடாது என்ற எண்ணமாக இருக்கலாம். இரண்டும் நம் வீடுகளில் இன்றும் இருக்கின்றன. அந்த வருத்தம் என்று சொல்வோமே தவிர புற்றுநோய் என்று வாய்விட்டுச் சொல்லமாட்டோம். ஜெபத்தில் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தியரிடம் போகாமல் இருந்த சகோதரிகளை நம் சங்கமும் அறியும். அவர்களில் சிலருடைய பெயர்கள் இம்மலரின் நினைவஞ்சலிப் பக்கத்தில் இருக்கின்றன. கடவுளின் நோக்கத்தை நம்பிய அஸ்ரெல் அம்மையார், கடைசியில் கத்தியையும் நம்பிப் போனார் என்பதை அவர்களுக்குச் சொல்ல எங்களுக்குச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. மகரகமவிலோ தெல்லிப்பழையிலோ ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இதை வாசிக்கும் எவருக்காவது இப்போது அப்படி ஒரு கட்டி தட்டுப்பட்டிருந்தால், மலரை மூடிவைத்துவிட்டு இன்றே ஒருவருக்குச் சொல்லுங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

சத்திரசிகிச்சை அவரைக் காப்பாற்றவில்லை. சில மாதங்களில் உடல் தேய்ந்தது. கொஞ்சங் கொஞ்சமாகப் பலம் குறைந்து படுக்கையில் விழுந்தார். முடிவு கிட்டிவிட்டது என்று கண்டதும், தமக்குரிய சவப்பெட்டியையும் பிரேதச் சீலையையும் செய்வித்து, கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். தாம் போகப்போகிற இடத்தை மறந்துவிடாதிருக்க அப்படி வைத்தாராம். கடைசி நாட்களில் ஒருவரையும் உள்ளே வர விடவில்லை. கதறின் சீமாட்டியைக் கூட. மனத்தைக் கடவுளிடமிருந்து திருப்ப எதுவும் வேண்டாம் என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தச் சீமாட்டி கதவுக்கு வெளியே நின்றிருப்பாரே என்றுதான் எங்களுக்குத் தோன்றியது. மரணப்படுக்கையைச் சுற்றி நின்று பாட்டுப் பாடி வழியனுப்பும் வழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். இந்தத் தனிமையை விளங்கிக்கொள்வது கடினம். சன்னலால் தலையை நீட்டி, வீட்டில் இல்லை என்று சொன்ன அதே அம்மாதான் இவர் என்று எண்ணும்போது ஓரளவு விளங்குகிறது.

1731ஆம் ஆண்டு மே மாதத்தில் மேரி அஸ்ரெல் அம்மையார் காலமானார். அம்மாதம் 14ஆம் திகதி செல்சி ஆலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். அவருடைய சிநேகிதியும் பாடசாலைக்கு உதவியவருமான எலிசபெத் ஹேஸ்ரிங்ஸ் சீமாட்டிக்கும் சில வருடங்களில் அதே இடத்தில் அதே நோய் கண்டது. அவரும் மயக்க மருந்தின்றி அதே சத்திரசிகிச்சைக்கு உடன்பட்டு, 1739ஆம் ஆண்டு டிசெம்பரில் காலமானார். அவர் மறைக்கவில்லை. வீட்டாரைக் கூட்டி ஜெபித்து, தம் சொத்தை ஏழை மாணவர்களுக்கும் தர்மப் பாடசாலைகளுக்கும் எழுதி வைத்துவிட்டுப் போனார். ஒக்ஸ்போட் குயீன்ஸ் கல்லூரியில் அவர் பெயரால் அமைந்த புலமைப்பரிசில் அப்படி வந்ததே.

அச்சுக்குக் கொடுக்குமுன் இக்கட்டுரையை அந்த அக்காவிடம் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருந்த இடத்தில் இருந்தே முழுவதையும் வாசித்தார். ஒரே ஒரு திருத்தம் செய்தார். அம்மையார் பயமே இல்லாமல் அறைக்குள் போனார் என்று நாம் எழுதியிருந்தோம். அதைப் பேனையால் வெட்டி, பயத்தை வெளிக்காட்டாமல் என்று மேலே எழுதித் தந்தார். அப்படியே விட்டிருக்கிறோம்.